ஏரி சூழ்ந்த நாட்டில் ஒரு தண்ணீர்க் கவலை

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர்க்குப் புதிய இடத்தில் முதலில் பழக வேண்டியது அவ்விடத்தின் மொழி அன்று, தண்ணீர்தான். நான் வந்த காலத்தில் பம்பாய் என்று வழங்கிய இந்நகரில், தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு சிட்டிகைச் சீரகம் இட்டு, ஆற்றிக் குடிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் வேரூன்றிவிட்டது. நாற்பது ஆண்டுகளாக என் மனைவி அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. 2024-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாழும் எங்கள் மகளைக் காணச் சென்றபோது, அந்த வழக்கத்தையும் உடன் கொண்டு சென்றோம். அங்கே அது பயனற்றுப்போன கதையை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

படத்தில் பார்த்தால் மிச்சிகனின் தென்பகுதி கையுறை அணிந்த ஒரு கையைப் போலத் தோன்றும். உங்கள் ஊர் எங்கே என்று கேட்டால், அங்குள்ளவர்கள் உள்ளங்கையை விரித்து, ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறார்கள். ஐந்து பேரேரிகளுள் நான்கு இம்மாநிலத்தின் கரையைத் தொடுகின்றன. உலகில் நிலத்தின் மேல் உள்ள நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்பேரேரிகளில் இருக்கிறது. கரையில் நின்றால் மறுகரை தெரிவதில்லை. அலை வந்து காலைக் கழுவுகிறது. என் மனைவி குனிந்து ஒரு கை நீரை அள்ளி நாவில் வைத்துப் பார்த்தாள். “கடலாக இருக்கிறது, உப்பே இல்லையே!” என்று வியந்தாள். இத்தகைய நாட்டில் தண்ணீருக்குக் கவலை உண்டென்று எவர்தாம் நினைப்பார்?

மகள் வசிக்கும் ஆன் ஆர்பர் நகரில் முதல் நாள் காலை, பேரனுக்காக அவள் தாய் அடுப்பில் தண்ணீரை ஏற்றினாள். மகள் வந்து அடுப்பை அணைத்தாள்.

“வேண்டாம், அம்மா. காய்ச்சினால் கிருமி சாகும். இவ்வூரார் அஞ்சுவது கிருமிக்கு அன்று. இது கொதிக்கக் கொதிக்கக் கஷாயம் போலச் சுண்டுமே அல்லாது, அழியாது” என்றாள்.

அவள் குறிப்பிட்டது பி.எஃப்.ஏ.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் இரசாயனக் குடும்பத்தை. அதில் ஆயிரக்கணக்கான பொருள்கள் உண்டு. 1938-இல் டெஃப்லான் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்குகிறது இவற்றின் கதை. எண்ணெயும் ஒட்டாது, நீரும் ஒட்டாது, தீயும் எளிதில் தீண்டாது என்பதால் வாணலியிலும், துணியிலும், தோலிலும், தின்பண்டம் சுற்றும் காகிதத்திலும், தீயணைக்கும் நுரையிலும் இவை இடம் பெற்றன. கரியணுவும் புளோரின் அணுவும் இவற்றில் பிணைந்திருக்கும் பிணைப்பு மிக வலியது. வெயிலாலும் மழையாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களாலும் அதை அறுக்க இயலவில்லை. ஆகவே “என்றும் அழியா இரசாயனங்கள்” என்று இவற்றுக்குப் பெயர் வந்தது. மேற்கு வர்ஜீனியா, ஒகையோ மாநிலங்களின் எல்லையில் ஏறத்தாழ 69,000 மக்களை ஆராய்ந்த அறிஞர் குழு ஒன்று, இவற்றுள் பி.எஃப்.ஓ.ஏ. என்னும் பொருளுக்கும், சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு நோய், கருவுற்ற காலத்து இரத்த அழுத்தம் உள்ளிட்ட ஆறு நோய்களுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012-இல் முடிவு கூறியது. 2023-இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதனை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது.

ஆன் ஆர்பர் நகரின் குடிநீரில் பெரும்பகுதி ஹியூரன் ஆற்றிலிருந்து வருகிறது. 2018-இல் அவ்வாற்று மீனை உண்ண வேண்டாம் என்று அரசு எச்சரித்தது. மேலே எங்கோ ஒரு முலாமிடும் தொழிற்கூடத்தின் கழிவு, சாக்கடை வழியாக ஆற்றை அடைந்திருந்தது. நகரத்தார் கரித்தூள் வடிகட்டிகளைக் கொண்டு நீரைத் துப்புரவு செய்கிறார்கள். ஆண்டுதோறும் தண்ணீரில் என்னென்ன, எவ்வளவு இருக்கின்றன என்னும் அறிக்கை குடிமக்களுக்குக் கிடைக்கிறது. மகள் அதை எங்களுக்குப் படித்துக் காட்டினாள்.

ஒரு சனிக்கிழமை மேற்கே நூறு மைல் சென்று பார்ச்மென்ட் என்னும் சிற்றூரைக் கண்டோம். பார்ச்மென்ட் என்பது வெண்ணெய் போன்றவற்றைச் சுற்றும் எண்ணெய் ஊறாக் காகிதத்தின் பெயர். 1909-இல் ஜேக்கப் கிண்டில்பெர்கர் என்பவர் அங்கே காகித ஆலை தொடங்கினார். ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. ஆலையின் சரக்கே ஊருக்குப் பெயராயிற்று. ஆலை மூடிக் கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனால், அதன் கழிவுக் குவியல் நிலத்தில் கிடந்தது; ஊர்க் கிணறுகளும் அருகிலேயே இருந்தன.

2018-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் மாலை அவ்வூரார் ஒரு செய்தி கேட்டார்கள்: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், அதில் சமைக்காதீர்கள், குழந்தைக்குப் பால் கலக்காதீர்கள். அந்நாளில் மத்திய அரசு பாதுகாப்பு எல்லையாகக் கூறியது, ஒரு லட்சம் கோடிப் பங்கு நீரில் 70 பங்கு. பார்ச்மென்டின் நீரில் இருந்ததோ அதைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு. பள்ளிக்கூடத்து வாசலில் பாட்டில் தண்ணீர் வழங்கினார்கள். அடுத்திருந்த கலமசூ நகரின் குழாயோடு ஊர்க் குழாயை இணைத்து, பழைய நீரை வெளியேற்றித் தடை நீங்க ஒரு மாதம் ஆயிற்று.

மகளின் தோழியுடைய தந்தையார் அவ்வூரிலேயே இருக்கிறார், ஆலையில் பணியாற்றியவர். எங்களை வாசல் திண்ணை போன்ற ஓர் இடத்தில் அமர்த்தி உபசரித்தார். அவர் சொன்ன சொற்கள் இன்னும் என் செவியில் உள்ளன.

“அந்தக் காகிதத்தால்தான் இந்த வீட்டைக் கட்டினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அதே பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீரைத்தான் கொடுத்தேன். யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை” என்றார்.

நான் விடை சொல்லவில்லை. நம்முள்ளும் ஆலைக் கூலியால் குடும்பத்தை நிலைநிறுத்தியவர்கள் பலர் அல்லவா?

பார்ச்மென்டின் உண்மை வெளிவந்தது தற்செயலாக அன்று. 2017-இல் பெல்மான்ட் பகுதியில், நீர் புகாத தோல் பதனிட்ட ஒரு பாதணி நிறுவனத்தின் பழைய கழிவால் வீட்டுக் கிணறுகள் கெட்டமை வெளிப்பட்டது. அந்நிறுவனம் பின்னர், 2020-இல், குழாய் நீர் அமைக்க 6 கோடியே 95 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அக்கலக்கத்தின் பின், மாநிலத்துப் பொதுக் குடிநீர் அமைப்புகள் அனைத்தையும், தனிக் கிணறுடைய பள்ளிகளையும் சோதிக்க அரசு முனைந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில், பத்தில் ஒன்பதில் இவ்விஷம் காணப்படவில்லை. எல்லையைக் கடந்தவை பார்ச்மென்டும் ஒரு பள்ளியுமே. தேடாமல் இருந்திருந்தால் அம்மக்கள் அதே நீரை இன்னும் பருகிக்கொண்டிருப்பார்கள். 2020-இல் மிச்சிகன் அரசு பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு 8 பங்கு என்று சட்ட வரம்பு விதித்தது. 2024-இல் மத்திய அரசு அதை 4 ஆகக் குறைத்தது. அடுத்த ஆண்டே, அவ்வரம்பை நிறைவேற்றும் தவணையை 2031 வரை நீட்டும் எண்ணத்தையும் வெளியிட்டது.

வடக்கே ஹியூரன் ஏரிக்கரையில் உள்ள ஆஸ்கோடாவையும் கண்டோம். அங்கிருந்த விமானப்படைத் தளத்தை 1993-இல் மூடிவிட்டார்கள். தளத்தில் தீயணைப்புப் பயிற்சிக்குப் பெய்த நுரையோ நிலத்தடி நீரில் இன்னும் வாழ்கிறது. அருகிலுள்ள வான் எட்டன் ஏரியில் வெண்ணுரை கரை ஒதுங்கும். அதைத் தொட வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். சதுப்பு நிலத்து மீனுக்கு 2012-இல் தடை. சுற்றியுள்ள காட்டு மானுக்கு 2018-இல் எச்சரிக்கை. நீரில் பெய்தது மீனுக்கு வந்தது. மீனோடு நில்லாமல் மானுக்கும் வந்தது.

இது அமெரிக்கரின் துன்பம், நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். இத்தாலியின் வெனெட்டோ மாநிலத்தில் டிரிசினோ என்னும் ஊரில், இவ்விரசாயனங்களைச் செய்து லட்சக்கணக்கான மக்களின் நீரைக் கெடுத்த ஓர் ஆலை 2018-இல் நொடித்தது. அதன் இயந்திரங்களை நம் நாட்டு நிறுவனம் ஒன்று வாங்கி, நம் மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்து லோட்டே பரசுராமுக்குக் கொண்டுவந்திருக்கிறது. அங்கே நீர் கெட்டுவிட்டதென்று நான் கூறவில்லை. ஆனால் 2012-இல் வெளியான நம் குடிநீர்த் தர அட்டவணையில் இப்பொருள்களுக்கு வரம்பே இல்லை. வரம்பு இல்லாத பொருளை யார் தேடுவார்? தேடாத பொருள் எங்ஙனம் அகப்படும்?

தனி வீட்டார் செய்யக்கூடியது சிறிதே. கரி வடிகட்டியும், சவ்வு வழி நீரைச் செலுத்தும் ஆர்.ஓ. கருவியும் இவற்றைப் பெரிதும் குறைக்கும். குறைந்தது அழிந்ததாகாது, கருவியின் கழிவுநீரிலும் பழைய வடிகட்டியிலும் அது தங்கியிருக்கிறது. ஆகவே ஊற்றிலேயே தடுப்பதுதான் வழி. அது ஊர் கூடிச் செய்ய வேண்டிய காரியம். நீரைச் சோதித்து, முடிவை மக்களிடம் சொல்லும்படி நாம் கேட்கலாம். நம் சங்கத்துக் குடும்பங்கள் நூறு சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினால், அது ஒரு தனி மனிதன் குரலாக இராது.

ஊர் திரும்பிய மறுநாளே என் மனைவி வழக்கம்போல் தண்ணீரைக் காய்ச்சிச் சீரகம் இட்டாள். இங்கே கிருமி இருக்கும்வரை அது தேவைதான். ஆனால் சென்ற மாதம் எங்கள் குடியிருப்பின் கூட்டத்தில், தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறது என்று செயலாளர் அறிவித்தபோது, இதுவரை வாய் திறவாத அவள் எழுந்து நின்று கேட்டாள்:

“எதற்கெல்லாம் சோதித்தார்கள்?”