கொம்பும் காலும்

பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இராது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்ற வேறுபாடும் இராது. கெடு என்பதா, கேடு என்பதா என்று பதிப்பாசிரியர் தம் சொல்லறிவைக் கொண்டே தெளிய வேண்டியிருந்தது. அந்தப் பழைய இடர் இன்று வேறோர் உருவில் கணினிக்குள் குடியேறியிருக்கிறது.

என்னிடம் தமிழ் பயின்று பின்னர் மென்பொருள் துறைக்குச் சென்ற மாணவன் ஒருவன், விடுமுறைக்கு நாகர்கோவில் வந்தபோது செலினியம் என்னும் கருவியை இயக்கிக் காட்டினான். 2004இல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. உலாவி தானே திறந்தது. தேடல் பெட்டியில் எழுத்துகள் தாமே விழுந்தன. வந்த விடை, வரவேண்டிய விடையோடு ஒப்பிடப்பட்டது. திறமூலத் திட்டங்களில் பங்களிப்போர் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டிராதவர்கள், வருவார்கள், போவார்கள். ஒருவர் செய்யும் மாற்றம் இன்னொருவர் கட்டியதை இடித்துவிடாமல் காப்பவை, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அலுக்காமல் ஓடும் இச்சோதனைகளே. ஒருமுறை கண்ட பிழையைச் சோதனையாக எழுதி வைத்துவிட்டால், கண்டவர் போன பின்னும் அந்த நினைவு நிற்கிறது.

நம் மாவட்டத்து ஊர்ப்பெயர்களைத் தேடும் சிறு செயலி ஒன்றை அவன் மாதிரிக்காக அமைத்திருந்தான். சோதனைகள் யாவும் தேறியிருந்தன.

"தோவாளையை ரெண்டு விதமா அடிச்சுப் பாருடே" என்றேன்.

யூனிகோடில் 'தோ'வின் இரட்டைக்கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் இடலாம். தனித்தனிக் குறிகளாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறுவேறு. முதல் வகைக்கு ஊர் கிடைத்தது. இரண்டாம் வகைக்கு, அப்படி ஓர் ஊரே இல்லை என்றது செயலி.

"எல்லா டெஸ்டும் இங்கிலீஷ்லதான் எழுதினேன் சார்" என்றான்.

2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடிப்படையான மீடியாவிக்கி என்னும் திறமூல மென்பொருள், இவ்விரு வகையையும் ஒரே வடிவமாக்கியே சேமிக்கிறது. அந்த மாற்றம் பிழையின்றி நிகழ்கிறதா என்று பார்க்கவும் அதற்குச் சோதனைகள் உண்டு.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கும் அடங்காத இடங்கள் இருக்கின்றன. தாழக்குடி அருகே ஔவையாரம்மன் கோயில் இருக்கிறது. ஔ ஓர் எழுத்து. அதை ஒகரமும் ளகரமுமாக இரண்டெழுத்தாய்த் தட்டுவோர் பலர். திரையில் வேற்றுமை தெரிவதில்லை. அவ்விரண்டையும் காணுமிடமெல்லாம் ஔவாக இணைத்துவிடு என்று கணினிக்குக் கட்டளையிட்டால், ஒளி என்ற சொல் சிதைந்துபோகும். ஔவைக்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாட்டை அறிய மொழியறிவு வேண்டும்.

சோதனை தேறிற்று என்றால், கேட்ட கேள்விகளுக்குச் சரியான விடை வந்தது என்பது மட்டுமே பொருள். தமிழில் எவரும் கேள்வி கேட்காத மென்பொருள், தமிழைத் தொலைத்துவிட்டும் தேறியதாகவே அறிவிக்கும். பெரும்பாலான திறமூலத் திட்டங்களில் பிழையைப் பதிவுசெய்ய எவருக்கும் வழியுண்டு. அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாடபேதம் பார்க்கப் பழகிய தமிழ்த்துறைகள் கொட்டாரம், தோவாளை, ஔவை, ஒளி என்று நூறு சொற்களைத் தொகுத்துக் கொடுத்தாலே போதும். அவற்றைக் கொண்டு நாள்தோறும் கேள்வி கேட்கும் வேலையை எந்திரம் பார்த்துக்கொள்ளும்.