மிகுதியை வெள்ளித்திரையில் காண்க

ட்ரெயிலர் வெட்டப் பழகவென்று சூரிச்சில் என்னிடம் வருகிற பிள்ளைகளின் கையில் நான் முதலில் கொடுப்பது ஒரு பழைய பாட்டுப் புத்தகம். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் வெலிங்டன், மனோகரா, ராஜா தியேட்டர் வாசல்களில் சில சதங்களுக்கு விற்ற மெல்லிய தாள். பாட்டுகளை விடுங்கள், கதைச் சுருக்கத்தை வாசியுங்கள் என்பேன். ஊர்ப் பெரியவரின் மகள், அவளை விரும்பும் ஏழைப் பொடியன், நடுவில் நிற்கும் தமையன், ஓர் இரவில் விழுகிற கொலை. பழி யார் மேல் வரப்போகிறது என்ற இடத்தில் எழுத்து நின்றுவிடும். மிகுதியை வெள்ளித்திரையில் காண்க. எழுதியவர் பெயரை யாரும் போட்டதில்லை. ஆனால் எந்தத் திருப்பத்தில் பேனாவைத் தூக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் தொழிலில் பாதி அதுதான்.

மற்றப் பாதி, அந்த இடம் வரைக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது. அதற்குத்தான் வழமைகள். இருட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இது என்ன மாதிரிப் படம் என்று பத்து விநாடிக்குள் விளங்கிவிட வேண்டும். பேய்ப்படம் என்றால் அமைதியான ஒரு வீடு, ஓசையில்லாமல் நீளுகிற ஒரு ஷொட், பிறகு கதவு. சிரிப்புப் படம் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு சட்டென்று அறுந்து, அந்த வெறுமையில் ஒருவர் வாய்தவறி ஒன்றைச் சொல்வார். கடைசியில் படத்தின் பெயர். பெயருக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு, அதை நாங்கள் பட்டன் என்போம். பேய்ப்படத்தில் அது கடைசித் திடுக்கிடல், சிரிப்புப் படத்தில் கடைசிச் சிரிப்பு.

பழக வருகிறவர்களுக்கு இவற்றை உடைக்கத்தான் ஆசை. உடைக்கலாம். 1979 இல் வந்த 'ஏலியன்' படத்தின் ட்ரெயிலரில் பேச்சே இல்லை. சைரன் போல ஓர் ஓலம், வேகமாக மாறும் படங்கள், அவ்வளவுதான். ஆனாலும் அதைப் பார்த்த ஒருவரும் அதை வேறு வகைப் படம் என்று எண்ணியிருக்க மாட்டார். பேச்சை எடுத்தவர்கள் பயத்தின் ஒழுங்கில் கைவைக்கவில்லை. எதை எடுத்தாலும் எது மிஞ்ச வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

எனக்கு இந்த ஒழுங்கு கண்ணால் வரவில்லை, காதால் வந்தது. இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா 'திரை விருந்து' நடத்திய காலத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் புதுப்படம் அறிமுகமானது றேடியோப் பெட்டியில்தான். ஒரு வசனத் துண்டு, பாட்டில் ஒரு கீற்று, நடுவில் மூச்சு விடாமல் பாயும் அவருடைய குரல், பிறகு தியேட்டரின் பெயர். ஒரு முகம்கூடத் தெரியாது. ஆனாலும் கதாநாயகனுக்கு என்ன இடைஞ்சல், வில்லன் எவ்வளவு பொல்லாதவன், பாட்டு எந்தக் கட்டத்தில் வரும் என்பதெல்லாம் எங்களுக்கு விளங்கிவிடும். கடலுக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டின் தென்கரையிலும் அதைக் காத்திருந்து கேட்டார்கள். 1989 இல் அவரைக் கொன்றுவிட்டார்கள். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்று தடுமாறும்போது இன்றைக்கும் எனக்குக் கணக்குச் சொல்வது அந்தக் குரல்தான்.

கை பழகியது சுவிஸில். எனக்குத் தொழில் கற்றுத்தந்த அம்மா சுவிஸ் வாரச் செய்திப்படத்தில் உதவியாளராகத் தொடங்கியவர். 1940 முதல் 1975 வரை இந்த நாட்டுத் தியேட்டர்களில் பிரதான படத்துக்கு முன் ஓடிய செய்திப்படம் அது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றிலும் வந்தது. ஒரே காட்சியை மூன்று மொழி ஆட்களும் ஒரே மாதிரி விளங்கிக்கொள்ளும்படி வெட்டுவதை அவர் அங்கே பழகியிருந்தார். நான் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது கொம்பியூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் முதலில் பிலிமைத் தொட்டுப் பழகு என்று ஸ்டீன்பெக் மேசையில்தான் உட்கார வைத்தார். பருத்திக் கையுறை, வெள்ளை மெழுகுப் பென்சில், ஒட்டுநாடா, வெட்டிய துண்டுகளைக் கொழுவிவைக்கும் துணித்தொட்டி. 35 மில்லிமீற்றர் பிலிமில் ஒரு விநாடிக்கு 24 பிரேம், நீளம் ஒன்றரை அடி. எங்கள் ஊர்க் கணக்கில் சரியாக ஒரு முழம். இரண்டு நிமிட ட்ரெயிலர் என்றால் 120 முழம். அந்த அம்மா பிலிமை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை இழுத்துப் பிடித்து, அதில் மூன்றில் ஒன்றைப் பெருவிரலால் அழுத்திக் காட்டுவார். எட்டுப் பிரேம். எண்ணிப் பார்த்தால் எட்டாகத்தான் இருக்கும்.

ஒருநாள் நான் அடுக்கி வைத்திருந்த துண்டுகளை ஓட்டச் சொல்லிவிட்டு, திரையின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். "கண்ணை விடு. கேட்கும்போது கதை விளங்குதா?" விளங்கவில்லை. அப்படியென்றால் படத்தை எவ்வளவு அழகாக வெட்டியும் பயனில்லை என்றார். அவருக்குத் தமிழும் தெரியாது, இலங்கை வானொலியும் தெரியாது. சொன்னது என்னவோ றேடியோ விளம்பரத்தின் முறையைத்தான்.

அன்றிலிருந்து என் வேலை ஒலியில்தான் தொடங்குகிறது. முதல் தடவை படத்தை ஒன்றும் குறிக்காமல் முழுதாகப் பார்ப்பேன். அந்த ஒரு தடவைதான் நான் பார்வையாளன். எங்கே எனக்குத் தொண்டை அடைத்தது, எங்கே கொட்டாவி வந்தது என்பது அதற்குப் பிறகு தெரியவே தெரியாது. அடுத்த தடவை குறிப்பெடுப்பேன். பிறகு, தனித்து நிற்கக்கூடிய வசனங்களை மட்டும் உருவி டைம்லைனில் வரிசையாகப் போடுவேன், படம் இல்லாமல். ஒரு காட்சியில் தாய் கேட்ட கேள்விக்கு வேறு காட்சியில் மகன் சொன்ன பதில் பொருந்தும். ஐந்து வாக்கியமாகப் பேசியதில் நடு வாக்கியம் மட்டும் போதுமாக இருக்கும். இந்தப் பொருத்தங்களைத் தேடுவதற்கே நாட்கள் போகும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்தக் கட்டம் பிடிக்காது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாதே. ஆனால் இங்கே கட்டியதுதான் கடைசிவரை நிற்கும்.

இசை அதற்குப் பிறகு. தொடக்கம், ஏற்றம், ஓட்டம் என்று பெரும்பாலும் மூன்று துண்டு. ஏற்றம் உச்சிக்கு வந்ததும் எல்லாவற்றையும் நிறுத்தி, அந்த அமைதியில் ஒரேயொரு வரி. ஹொலிவூட்காரர் இதை ஸ்டொப் டவுன் என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த வழமைதான், தெரிந்திருந்தும் ஒவ்வொரு தடவையும் வேலை செய்கிறது. அமைதி பன்னிரண்டு பிரேமாக இருந்தால் இடறியது போல இருக்கும். முப்பதாக இருந்தால் புரொஜெக்டர் பழுதோ என்று தலை திருப்புவார்கள். நடுவில் எங்கேயோ ஓர் இடம் இருக்கிறது, அது படத்துக்குப் படம் மாறும். 2010 இல் 'இன்செப்ஷன்' ட்ரெயிலர்கள் வந்த பிறகு அந்தப் பித்தளை முழக்கம் எல்லாரையும் பிடித்துக்கொண்டது. பழக வருகிற பிள்ளைகள் மாமியார் மருமகள் கதைக்கும் அதைக் கொண்டுவந்து வைப்பார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் அந்த ட்ராக்கை மட்டும் மூடிவிட்டு ஓட்டிக் காட்டுவேன். கீழே இருக்கும் வசனம் பலமானதாக இருந்தால் முழக்கம் இல்லாத குறை தெரியாது. பலமில்லை என்றால் தேட வேண்டியது வேறு வசனம்.

இனிப் பனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் பழகிய ஒரு தம்பி, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு மலைக் கிராமமொன்றில் காத்திருக்கும் ஓர் இளைஞனைப் பற்றிய குறும்படத்துக்கு ட்ரெயிலர் வெட்டினான். முதல் ஷொட் வெள்ளை வெளேரென்ற பள்ளத்தாக்கு, நடுவில் கறுப்புப் புள்ளியாக ஒரு மனிதன். சுவிஸ் ஆட்கள் பார்த்தார்கள், உடனே தனிமை என்று விளங்கிக்கொண்டார்கள். எங்கள் மண்டபமொன்றில் போட்டோம். பின்வரிசையில் சிரிப்பு. எப்போது பாட்டு வரும் என்று ஒரு பிள்ளை சத்தமாகவே கேட்டது. அதில் பிழை பிடிக்க முடியாது. சானென், சுவைசிம்மன் பக்கங்களில் எடுத்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' 1995 இல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ இந்தியப் படங்கள் ஆல்ப்ஸ் மலைக்கு டூயட் பாட வந்திருக்கின்றன. இன்டர்லாக்கனில் யாஷ் சோப்ராவுக்குச் சிலையே இருக்கிறது. பனியைக் கண்டால் எங்கள் ஆட்களின் காது புல்லாங்குழலுக்குத் தயாராகிவிடும். அதுவும் ஒரு வழமைதான், அதை மதிக்க வேண்டும்.

ஷொட்டை மாற்றாதே, அதற்கு முன்னால் வருவதை மாற்று என்று தம்பியிடம் சொன்னேன். திரை கறுப்பாக இருக்கும்போதே சப்பாத்து பனியில் நொறுங்கும் ஓசை, இரைக்கிற மூச்சு, தூரத்தில் ஊரிலிருந்து வந்த தொலைபேசிக் குரல். அதற்குப் பிறகு பள்ளத்தாக்கு. அடுத்த தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. பள்ளத்தாக்கு அதேதான்.

இந்த நாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு பாடம் எழுத்து. இங்கே பல படங்கள் மூலமொழியிலேயே ஓடும், அடியில் ஜெர்மன் ஒரு வரி, பிரெஞ்சு ஒரு வரி. ஒரு விநாடிக்கு ஒரு ஷொட் என்று பறக்கிற ட்ரெயிலரில் அந்த இரண்டு வரியும் கண்ணைக் கீழேயே பிடித்து வைத்துவிடும், முகத்தைப் பார்க்க நேரமிராது. அதனால் ஐந்து சொல்லுக்கு மேல் போகிற வசனத்தை ஓட்டமான இடத்தில் வைக்காதீர்கள். வைக்கத்தான் வேண்டுமென்றால் அதன் மேல் அசையாத ஒரு முகத்தை விடுங்கள். திரையில் வரும் கார்ட் எழுத்துகளை ஜெர்மனில் ஒருதடவை போட்டுப் பார்த்த பிறகே மற்ற மொழிகளுக்கு அளவு வையுங்கள், ஜெர்மன் சொற்கள் நீளத்தில் சட்டகத்தை முட்டும். எழுத்தில்லாத மாஸ்டர் ஒன்றை எப்போதும் தனியாக எடுத்து வையுங்கள். பேச்சு, இசை, ஓசை மூன்றும் தனித்தனி ஸ்டெமில் இருக்கட்டும். கேட்கிறவர்கள் கடைசி நாளில்தான் கேட்பார்கள்.

தமிழ் நட்சத்திரப் படங்களின் டீசரைக் கீழாகப் பேசுகிற பிள்ளைகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2016 மே முதலாம் தேதி வந்த 'கபாலி' டீசரை ஓட்டிக் காட்டுவேன். மற்றவர்கள் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள், யார் அவன் என்று கேட்கிறார்கள், அதற்குப் பிறகு கோட்டு சூட்டோடு ரஜினி நடந்து வருகிறார். பெயரை முன்னால் நடக்கவிட்டு ஆளைப் பின்னால் கொண்டுவருவது கூத்திலே கட்டியக்காரன் காலத்திலிருந்து எங்களுக்குப் பழகிய முறை. 2020 நவம்பரில் 'விக்ரம்' படத்தின் பெயரை அறிவிக்க வந்த டீசர் இன்னும் ஒரு படி. படப்பிடிப்பு தொடங்கும் முன்பே அதற்கென்று தனியாக எடுத்தது. கமல் விருந்துக்குச் சமைக்கிறார், இலை போடுகிறார், வீடெங்கும் ஆயுதங்களை ஒளித்து வைக்கிறார். கதையில் ஒரு வரிகூடத் தெரியாது, ஆனால் வரப்போகும் படத்தின் சூடு தெரிந்துவிடும். 1960 இல் ஹிட்ச்கொக் 'சைக்கோ'வுக்குச் செய்ததும் இந்த வகைதான். ஆறு நிமிடத்துக்கு மேல் அவரே அந்த வீட்டையும் விடுதியையும் சுற்றிக்காட்டிக் கதைத்தார். முக்கியமான இடங்களில் எல்லாம் வாக்கியத்தைப் பாதியில் விட்டார். பாட்டுப் புத்தகம் எழுதிய பெயரில்லாதவருக்கு அந்த நிறுத்தங்கள் நன்றாக விளங்கியிருக்கும்.

நிறுத்துவது வேறு, ஏமாற்றுவது வேறு. 2019 இல் வந்த 'யெஸ்டர்டே' படத்தின் ட்ரெயிலரில் அனா டி அர்மாஸ் இருந்தார், படத்தில் இல்லை. அவரைப் பார்க்கக் காசு கொடுத்த இருவர் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். ட்ரெயிலருக்கும் பொய் விளம்பரச் சட்டம் பொருந்தும் என்று 2022 டிசம்பரில் நீதிபதி சொன்னார். எனக்கு அந்தச் சட்டம் தேவைப்பட்டதில்லை, எங்கள் ஆட்களின் முகமே போதும். சுவிஸில் ஒரு தமிழ்ப் படம் வந்தால் பெரும்பாலும் வாரக் கடைசியில் ஒன்றிரண்டு காட்சிதான். கிழமை முழுக்க சமையலறையிலும் முதியோர் இல்லத்திலும் நின்ற கால்களோடு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேறு கன்டோனிலிருந்து ரயில் ஏறி வருவார்கள். ஒரு டிக்கெட் இருபது ஃபிராங்குக்குக் குறையாது. குடும்பப்படம் என்று வாக்குக் கொடுத்து உள்ளே வெட்டுக்குத்து வைத்தால், வெளியே வரும்போது அவர்கள் படம் எடுத்தவரைத் தேடமாட்டார்கள். ட்ரெயிலரை நம்பி வந்தோம் என்றுதான் சொல்வார்கள். அதனால் வெட்டி முடித்ததும் படத்தை இன்னொரு தடவை முழுதாகப் பார்ப்பேன். ட்ரெயிலர் காட்டிய முகம் படத்தின் முகம்தானா என்று மட்டும் பார்ப்பதற்கு.

கடைசியாகச் சத்தம். தியேட்டரில் ஓடும் ட்ரெயிலருக்குச் சராசரி 85 டெசிபெல் என்ற தொழில் வரம்பு உண்டு, அதை லெக்-எம் என்ற அளவில் அளப்பார்கள். முதல் விநாடியிலிருந்தே முழக்கினால் அந்தச் சராசரி சீக்கிரம் தீர்ந்துபோய் ஓட்டம் வருகிற இடத்தில் கையில் ஒன்றும் மிஞ்சாது. முன்பாதியைத் தாழ்த்தி வைக்கிறவனுக்குத்தான் பின்பாதியில் இடி இடிக்க வசதி. ஆனால் எங்கள் ஆட்கள் ட்ரெயிலரை முதலில் பார்ப்பது தொலைபேசியில், வேலை இடைவேளையில், புகைபோக்கி விசிறி இரைகிற சமையலறையில். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடித்தொண்டை ஒலியெல்லாம் காணாமல் போய்விடும். ஆகவே மிக்ஸ் முடிந்த பிறகு வீட்டுக் குசினியில் விசிறியைப் போட்டுவிட்டு, தொலைபேசியைக் கை நீட்டும் தூரத்தில் வைத்துக் கேட்கச் சொல்கிறேன். ஸ்டொப் டவுனில் வருகிற அந்த ஒற்றை வரி அங்கேயும் தெளிவாகக் கேட்டால் மட்டும் தியேட்டருக்கான டிசிபி கோப்புப் போடக் கொடுங்கள்.