பனிமலையும் புளிக்காய்ச்சலும்

பயண நூல்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். அருவியைப் பற்றி எழுதுவார்கள். கோபுரத்தைப் பற்றி எழுதுவார்கள். வழியில் கண்ட மனிதரைப் பற்றியும் எழுதுவார்கள். அன்று காலை தாம் உண்ட சிற்றுண்டியை யார் செய்தார், எத்தனை மணிக்கு எழுந்து செய்தார் என்பதை மட்டும் எழுதுவதில்லை. விடுதியில் தங்கி உண்பவருக்கு அந்தக் கேள்வி எழாது. நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர் ஐந்தாறு குடும்பமாகச் சேர்ந்து, மலையில் ஒரு வீட்டை நான்கு நாளைக்கு வாடகைக்கு எடுக்கும்போதுதான் அது அடுப்படியில் வந்து நிற்கிறது.

ஆறு விடுதி அறைகளைக் காட்டிலும் ஒரு வீடு சிக்கனம். பிள்ளைகள் ஒன்றாய் விளையாடலாம். பெரியவர்கள் இரவு நெடுநேரம் பேசலாம். அரசு தரும் விடுமுறைப் பயணச் சலுகையோ கட்டணத்தைத் தருமேயன்றித் தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் தராது. அதையும் நாங்கள் சொந்த ஊர் செல்வதற்கென்று பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள். ஆகவே வாடகை வீடும் சொந்தச் சமையலும் என்று முடிவாகிறது. அந்தச் சமையல் யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு.

2023ஆம் ஆண்டு தசரா விடுமுறையில் இராமகிருஷ்ணபுரத்து நண்பர் குடும்பங்கள் ஆறு, முசூரிக்கு மேலே லாண்டூரில் ஒரு வீடு எடுத்துத் தங்கின. அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்காமையால் நான் போகவில்லை. என் மனைவியும் பிள்ளைகளும் போனார்கள். திரும்பி வந்த பிள்ளைகள் லால் டிப்பா முகட்டிலிருந்து கண்ட பனிச்சிகரங்களை ஓயாமல் வருணித்தார்கள். மனைவியைக் கேட்டேன். “வீடு நல்ல வீடு. சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை தெரியும்” என்றாள்.

நடந்தது இதுதான். பனிமலை தெளிவாகத் தெரிவது விடியற்காலையில். வெயில் ஏற ஏற மேகமோ மூட்டமோ வந்து மறைத்துவிடும். அந்த விடியற்காலைதான் இருபத்திரண்டு பேருக்கான சிற்றுண்டிக்கு மாவு பிசையும் வேளையும். ஆண்களும் பிள்ளைகளும் முகட்டுக்கு நடந்தார்கள். பெண்கள் பூரி பொரித்தார்கள். திரும்பி வந்தவர்கள் நல்ல பசியோடு வந்தார்கள். பூரி பாராட்டப்பட்டது.

மறு ஆண்டு அதே வீட்டுக்குப் போவதென்று பேச்சு எழுந்தபோது, எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் பெரியக்காவாக இருக்கும் அம்மையார் வர மறுத்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. “நீங்கள்ளாம் போயிட்டு வாங்க, தம்பி. மூணு வேளையும் அடுப்பு முன்னால நிக்கிறதுக்கு முசூரி எதுக்கு? அதைத்தான் இங்கேயே செய்யறேனே” என்றார். அவர் தில்லிக்கு வந்து முப்பத்தோர் ஆண்டுகள் ஆகின்றன. இமயம் ஓரிரவுப் பயணத் தொலைவில் இருக்கிறது. அவர் ஏறிய மலை எங்கள் பேட்டையிலுள்ள மலை மந்திர் ஒன்றே. அறுபத்து நான்கு வயதில் முழங்கால் வலியும் தொடங்கிவிட்டது. இன்னும் எத்தனை தசரா அவரால் மேட்டில் நடக்க முடியும் என்பது யாருக்கும் தெரியாது. அவர் வராவிட்டால் நானும் வரவில்லை என்று என் மனைவியும் சொன்னதும் பயணமே ஆட்டம் கண்டது.

நான் எழுத்தன். எந்தச் சிக்கலையும் குறிப்புத் தாளில் எழுதிப் பத்திக்கு எண் இட்டால்தான் எனக்கு விளங்கும். முந்திய ஆண்டு என்னென்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதினேன்: பூரி, தோசை, சப்பாத்தி, அடை. பட்டியலைப் பார்த்ததுமே நோய் இன்னதென்று தெரிந்தது. ஆள் கூடக் கூட வேலையும் கூடிக்கொண்டே போகும் பண்டங்கள் சில. ஆள் கூடினாலும் வேலை அவ்வளவாகக் கூடாத பண்டங்கள் சில. சப்பாத்தி முதல் வகை. இருபத்திரண்டு பேர், ஆளுக்கு நான்கு என்றால் எண்பத்தெட்டு. ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் கல்லின் முன் நிற்கவேண்டும். உப்புமா இரண்டாம் வகை. நான்கு பேருக்குக் கிளறுவதற்கும் இருபது பேருக்குக் கிளறுவதற்கும் வேற்றுமை பாத்திரத்திலும் தோள் வலியிலும்தான். நேரத்தில் கால் மணி கூடலாம். பொங்கல், கலந்த சாதங்கள், கூட்டாஞ்சோறு எல்லாம் இந்த வகையே. முதல் வகையை மலைக்குக் கொண்டு போகலாகாது என்று முதல் பத்தி எழுதினேன். இட்லியும் மலைக்கு ஆகாது. குளிரில் மாவு பொங்காமல் வைத்தபடியே இருக்கும்.

மலைச் சமையலுக்கு வேறோர் இயல்பும் உண்டு. லாண்டூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம், பருப்பு ஏமாறுவதில்லை. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகவைக்க முயன்றால் எரிவாயுவும் பொறுமையும் ஒருங்கே தீரும். குக்கர் இன்றியமையாதது. அது இருந்தாலும் சீக்கிரம் குழையும் பயத்தம்பருப்பே உத்தமம். பத்து லிட்டர்க் குக்கர் இரண்டு இருந்தால், ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ அரிசி வீதம் இரண்டு கிலோ வடித்துவிடலாம். அதற்கு மேல் திணிப்பது ஆபத்து. சோற்றுக்குக் குக்கரின் பாதியளவைத் தாண்டக்கூடாது. குழந்தைகள் ஏழுபேர் கலந்த எங்கள் கூட்டத்துக்கு அது போதும்.

இரண்டாம் பத்திக்கு எனக்கு வழிகாட்டியது காவிரிக்கரை. எங்கள் ஊரில் ஆடிப் பதினெட்டன்று ஆற்றங்கரையில் யாரும் அடுப்பு மூட்டமாட்டார்கள். புளியஞ்சாதம், எலுமிச்சஞ்சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் என்று சித்திரான்னங்கள் தூக்குகளில் வரும். பெண்கள் காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு படித்துறையில் கால் நனைத்துக் கொண்டிருப்பார்கள். விடியுமுன் எழுந்து வீட்டில் கிளறியவர்களும் அந்தப் பெண்களே; அதை மறைத்து ஆடிப்பெருக்கைப் புகழ்வது நியாயமன்று. ஆயினும் கரைக்கு வந்தபின் அவர்களுக்கு வேலை இல்லை. வேலையை ஊரிலேயே முடித்துவிட்டுப் புறப்படும் அந்தக் கட்டுச்சோற்று முறையை எடுத்துக்கொண்டு, முன்வேலையை ஆறு வீட்டுக்கும் பங்கிட்டேன். ஒரு வீட்டில் புளிக்காய்ச்சல்: இரண்டு கிலோ அரிசிக்குக் கால் கிலோ புளி, கால் லிட்டர் நல்லெண்ணெய், நன்றாகச் சுண்டி எண்ணெய் மேலே மிதக்க எடுத்தால் பல நாளானாலும் கெடாது. இன்னொரு வீட்டில் பருப்புப்பொடி. எங்கள் பங்கு ரவை. ஒன்றே முக்கால் கிலோ ரவையைக் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், காய்ந்த கறிவேப்பிலையோடு தாளித்து வறுத்துக் கட்டினோம். அங்கே போய்க் கொதிநீரில் கொட்டிக் கிளறுவதே பாக்கி. ரவை ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டரைப் பங்கு. உப்பை நீரிலேயே கரைத்து ருசி பார்த்துவிட வேண்டும். வறுத்தது நான்தான், மனைவி அருகில் நின்று, “காகிதத்துல சமையல் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மற்ற வீடுகளில் முறுக்கு, தக்காளித் தொக்கு, ரயிலுக்கு எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி.

மூன்றாம் பத்தியே சச்சரவை எழுப்பியது. காலையில் எவரும் அடுப்பு மூட்டலாகாது. முதல் நாள் இரவே இறக்கிய டிகாஷன், சுடவைத்த பால், ரொட்டி, வாழைப்பழம், இவ்வளவே. பத்தரை மணிக்குச் சாப்பாடு. பிற்பகலில் முறுக்கும் தேநீரும். இரவு சூடாக ஒன்று. மூன்று வேளை என்பதை இரண்டாக்குவதா என்று ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் கடுமையாக ஆட்சேபித்தார். பத்து மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு அலுவலகம் போய், பிற்பகலில் டிபன் உண்பது நம் பாட்டனார் காலத்துக் குமாஸ்தாக்களின் வழக்கம்தானே என்று நினைவூட்டினேன். முன்னோர் பெயர் வந்ததும் அடங்கிவிட்டார். சமைப்பது ஆண்கள், வேளைக்கு இருவர் வீதம். தட்டை அவரவர் கழுவவேண்டும். இந்தக் கடைசி விதி சிறிதாகத் தோன்றும். ஐப்பசிக் குளிரில் குழாய்த் தண்ணீரில் இருபத்திரண்டு தட்டுகளைக் கழுவிய கையைக் கேட்டால் அதன் பெருமை தெரியும்.

குறிப்பைப் பெரியக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். “தயிருக்கு என்ன பண்ணுவீங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். முந்திய ஆண்டு உறைகுத்திய பால் மறுநாளும் பாலாகவே இருந்ததாம். கடையில் வாங்கிக்கொள்வோம் என்றேன். “சரி, வரேன். ஆனா கரண்டியைத் தொடமாட்டேன்” என்றார்.

2024 அக்டோபரில் போனோம். முதல் நாள் பகலில் புளியஞ்சாதம், அப்பளம், தயிர். அப்பளம் பொரிப்பதும் முதல் வகை வேலை என்பதை நான் குறிப்பில் சேர்க்கவில்லை. பொரித்த இளைஞர் சேர்த்துக்கொண்டார். இரவு மிளகு தட்டிப்போட்ட வெண்பொங்கல், நெய், தொக்கு. குளிரில் அதற்கு ஈடு சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் நாள் இரவுக்கு அருகிலிருந்த சிற்றுண்டிக் கடையில் ரொட்டி சுட்டு வாங்கி, ஊறவைத்த ராஜ்மாவைக் குக்கரில் வேகவைத்துத் தொட்டுக்கொண்டோம். மலைக்காரர் உணவை மலையில் உண்பதில் நியாயம் இருக்கிறது. ஆட்சேபித்த நண்பர் கிளறிய உப்புமாவில் கட்டிகள் இருந்தன. அவர் வாழ்நாளில் முதன்முறையாகக் கிளறியது. பெண்கள் எல்லோரும் இரண்டாம் முறை வாங்கி உண்டார்கள்.

மறுநாள் விடியுமுன் ஐந்தரைக்குப் புறப்பட்டு முகட்டுக்கு நடந்தோம். பெரியக்கா மெதுவாகவே ஏறினார்; இடையிடையே தேவதாரு மரத்தடியில் நின்றார். யாரும் அவசரப்படவில்லை, கீழே எந்த அடுப்பும் காத்திருக்கவில்லை. வெளிச்சம் பரவியபோது வடக்கே வெண்மையாக ஒரு வரிசை துலங்கிற்று. அங்கிருந்த ஒருவர் பந்தர்பூஞ்ச் என்று ஒரு சிகரத்தைக் காட்டினார். 6,316 மீட்டர் உயரம். குரங்கின் வால் என்று பொருள், அனுமனோடு சேர்த்துக் கதை சொல்வார்கள். பெரியக்கா கைகூப்பவுமில்லை, பேசவுமில்லை. சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மனைவியிடம், “இது இங்கேயேதான் இருந்திருக்கு” என்றார்.

திரும்பி வந்தபோது திறந்திருந்த சன்னல் வழியாக வந்த குரங்குகள் எங்கள் வாழைப்பழத்தை முடித்திருந்தன. அன்று பத்தரைச் சாப்பாடு ஒன்பதுக்கே நடந்தது.

இந்த ஆண்டுக்கு கௌசானி போகலாமென்று பேச்சு நடக்கிறது. புளிக்காய்ச்சல் தம் பொறுப்பு என்று பெரியக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டார். போன முறை செய்த வீட்டில் வெந்தயம் கூடிவிட்டதாம். அங்கே சாதத்தில் கலப்பது மட்டும் தம் வேலையில்லை என்று எழுத்தில் பதியச் சொல்லியிருக்கிறார். பதிந்திருக்கிறேன்.