சமையலறை என்று எழுதிய விடை

யான் இக்கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டின் காலாண்டுத் தேர்வில், உயிரியற் பாடத்து வினாவொன்றுக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண்ணே பெற்றேன். ‘மைட்டோகாண்ட்ரியாவின் தொழில் யாது?’ என்பது வினா. ‘அஃது உயிரணுவாகிய வீட்டின் சமையலறை’ என்று தொடங்கி, அடுப்பும் புகையுமாக அரைப்பக்கம் வருணித்திருந்தேன். ஓரத்திலே ஆசிரியர், ‘சமைப்பது எதனை? உண்பவர் யாவர்?’ என்று சிவப்பு மையால் எழுதியிருந்தார். இரண்டுக்கும் என்னிடம் விடையில்லை. பாடத்தை மாற்றிக்கொள்ள விண்ணப்பமும் எழுதி வைத்தேன்.

அவ்வுவமை எனக்குப் பள்ளியிற் கிடைத்தது. உயிரணு ஒரு வீடு, சவ்வு சுவர், உட்கரு குடும்பத் தலைவர், லைசோசோம் குப்பை கூட்டுபவர், கோல்கி உறுப்பு அஞ்சல் நிலையம். வீட்டுக்குள் அஞ்சல் நிலையம் எவ்வாறு புகுந்தது என்று எங்களுள் ஒருவரும் கேட்டிலோம்!

நிற்க. விடுமுறைக்கு ஊர் சென்றபோது, என் தாயைப் பெற்ற பாட்டியார் அடுப்படியிலிருந்து, “என்ன படிக்கிறாய், தம்பி?” என்றார். அவர் எழுத்தறியாதவர். வீட்டுக் கதையையே சொன்னேன்.

“சுவர் என்கிறாயே, அரிசி பருப்பு உள்ளே வருவது எப்படி?”

புத்தகத்தைப் புரட்டினேன். சவ்வென்பது கொழுப்பு மூலக்கூறுகளின் ஈரடுக்கு. அதனிடையே பதிந்த புரதங்களிற் சில வாயில்களாக உதவுகின்றன. அது விறைத்து நிற்பதன்று, நீர்மம்போல் நெகிழ்ந்து நகர்வது என்னும் கருத்தை ஸிங்கர், நிக்கல்ஸன் என்னும் இருவர் 1972இல் வெளியிட்டனர்.

“இந்தச் சுவர் அசையுமாம், பாட்டி.”

அவர் கரண்டியாற் குழம்பின்மேல் மிதந்த எண்ணெயைக் காட்டி, “இதுபோலவோ?” என்றார். இரு துளிகள் நெருங்கி ஒன்றாயின. என் சுவரினும் அவரது எண்ணெய் உண்மைக்கு அணித்து என்று கண்டேன். எண்ணெயில் வாயில்கள் இல்லையே என்றேன். “குழம்புக்குக் கதவு எதற்கு?” என்று கூறிவிட்டார்.

பின்னர், தலைவரில்லாத வீடும் உண்டோ என்று வினவினார். உண்டு, நம் குருதியில் முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, ஆயினும் ஏறத்தாழ 120 நாள் உழைக்கிறது என்றேன். “உன் தாத்தா போய் இருபது வருஷமாயிற்று. இவ்வீடு நடக்கவில்லையா?” என்றார். உட்கரு இன்மையால் புதிய புரதம் செய்து தன்னைப் புதுக்கிக்கொள்ள இயலாமல் அவ்வணு தேய்ந்து அழிகிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

‘செல்’ என்னும் ஆங்கிலப் பெயரே ஓர் உவமைதான். 1665இல் வெளிவந்த நூலில், ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலிற் கண்ட நுண்ணறைகளுக்கு அப்பெயரை இட்டார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெறுஞ்சுவர்களே.

அன்றிரவு ஓரக்குறிப்பை மீண்டும் எடுத்தேன். குளுக்கோஸ் முதலியவற்றின் சிதைவுப் பொருள்களை ஆக்ஸிஜன் துணையால் படிப்படியாக எரித்து, அவ்வாற்றலை ஏடிபி என்னும் மூலக்கூறுகளாக்கித் தருவதே மைட்டோகாண்ட்ரியாவின் தொழில். பெரிய நோட்டைச் சில்லறையாக்கும் கடைக்காரர் இதற்குப் பொருந்துவார். குளுக்கோஸ் ஒன்றுக்குச் சுமார் 30 ஏடிபி. ஆனால் கடைக்காரர் சில்லறையைக் குறைப்பதில்லை. இதுவோ ஒரு பெரும்பங்கை வெப்பமாகக் கழித்துவிடுகிறது. உண்பவர் யாவர்? தசை சுருங்குதல் முதலாக, உயிரணுவில் ஆற்றல் வேண்டும் வினைகள் பலவுமே. இன்னொன்றும் படித்தேன்: மைட்டோகாண்ட்ரியாவுக்கெனத் தனி மரபுப்பொருள் உண்டு; மனிதர்க்கு அது தாய்வழியே வருவது. எனில், எனக்குள் எரிவது பாட்டியார் அடுப்பே.

விண்ணப்பம் பெட்டியிலேயே கிடந்தது. அரையாண்டுத் தேர்வில் அதே வினா வந்தது. சமையலறை என்னும் சொல்லே இன்றி எழுதினேன். நான்கு மதிப்பெண். மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சவ்வு இரண்டு என்பதை எழுத மறந்தமையால் ஒன்று போயிற்று.