பழைய வரைபடம்



காருக்குள்ளேயே பொருத்தப்பட்டு வரும் வழிகாட்டிக் கருவியைக் குறைகூறாதவர் அரிது. குறை பெரும்பாலும் வானத்தில் இல்லை. செயற்கைக்கோள் சமிக்ஞைகளில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கிவிட்டது. திறந்த வெளியில் நாம் நிற்குமிடம் இன்று சில மீட்டர் வித்தியாசத்தில் தெரிந்துவிடுகிறது. தவறுவது, கருவியின் நினைவகத்தில் என்றோ பதிக்கப்பட்ட வரைபடம். பின்னர் சாலை மாறலாம், பாலம் எழும்பலாம். புதுப்பிக்காதவரை கருவி அதை அறியாது. மேம்பாலத்தின்மேல் செல்கிறோமா, அதன் கீழுள்ள சாலையிலா என்பதிலும் தடுமாறும்.

சென்ற கோடையில் ஓர் அடக்க ஆராதனையை நடத்தப் போய்க்கொண்டிருந்தேன். புதிய புறவழிச்சாலையில் ஏறியதும், திரையில் எங்கள் வண்டி வயல்வெளியில் மிதந்தது. இடப்பக்கம் திரும்பச் சொன்னது குரல். அங்கே தடுப்புச்சுவர். மூன்று முறையும் அதே நிதானம், அதே உறுதி. பிழையைவிட அந்த உறுதியே என்னை வாட்டியது. தெரியவில்லை என்று சொல்ல அதற்கு ஏன்தான் கற்றுத்தரவில்லையோ! கல்லறைத் தோட்டத்திலோ, வெட்டிய குழியருகே ஒரு குடும்பம் வெயிலில் காத்து நின்றது.

சாலையோரம் நுங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் ஊர்ப்பெயரைச் சொன்னோம்.

"அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லீங்க ஐயா. அதோ வர்ற பால்காரரைக் கேளுங்க" என்றார்.

பால்காரர் வழி சொல்லவில்லை. கேன்கள் குலுங்கக் கல்லறை வாசல்வரை எங்களுக்கு முன்னே வண்டியோட்டி வந்தார்.