கச்சான் காலக் கடல்

திருகோணமலையில் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை இப்போது வெள்ளைக்காரர் வரத்துத்தான். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் எந்த விடுதியைப் பார்த்தாலும் ஒரே பட்டியல்: விடியப்புறம் திமிங்கிலம், பிறகு புறாத்தீவு, பின்னேரம் கோணேசர் கோயில், வழியில் கன்னியா. கச்சான் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் வெறும் வெக்கையாக வந்து சேரும் மாதங்கள் அவை. கடல் குளம்போலக் கிடக்கும். வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

எங்களுக்கு அவை பார்க்கப் போகும் இடங்களாக இருந்ததில்லை. அலுவல் இருந்தால்தான் போவோம். கன்னியா என்றால் யாரோ செத்து முப்பத்தோராம் நாள், இல்லையேல் ஆடி அமாவாசை. இராவணன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்று கதை. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. கிரியை முடிந்ததும் வாளி பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். ஆகச் சுடுகிற கிணற்றில் அள்ளி ஒருவன் தலையில் மற்றவன் ஊற்ற, அவன் கத்த, "செத்தவீட்டுப் பிள்ளையளே இதுகள்?" என்று அம்மம்மா ஏசுவா. ஏசிக்கொண்டே தன் முழங்காலிலும் ஒரு வாளி ஊற்றி, வாதத்துக்கு நல்லதென்று கண்ணை மூடிக்கொள்வா.

கிண்ணியாவில் அப்பாவின் சிநேகிதர் இருந்தார். நோன்புப் பெருநாளுக்கு அழைப்பு வரும். துறையில் பாதை என்னும் மிதவைக்குக் காத்துநிற்க வேண்டும். பஸ், மாட்டுவண்டி, மீன்பெட்டி கட்டிய சைக்கிள் எல்லாம் ஒன்றாக ஏறும். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் வந்தது. பிள்ளைப்பேற்று நோவோடு இரவில் அந்தத் துறையில் தவித்தவர்களைக் கேட்டால் பாலத்தின் அருமையைச் சொல்வார்கள். ஆனாலும் பாதையில் ஊர்ப்புதினம் முழுவதும் காதில் விழும். பாலத்தில் காற்று மட்டும்தான்.

திமிங்கிலம் பார்க்க யாரும் காசு கொடுத்ததில்லை. கரைவலைக்காரரிடம் மீன்பாடு விசாரிக்கும்போது இடையில் வந்து விழும் கதை அது. "ராத்திரி கிட்டத்தில ஊதிச்சுது, வலையைச் சுருட்டிக்கொண்டு வந்திட்டம்." அவ்வளவுதான். கரையை ஒட்டியே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழமாய் இறங்குவதால்தான் அவை இவ்வளவு கிட்ட வருகின்றன என்பது பின்னாளில் படித்தது.

புறாத்தீவுக்கு மட்டும் அலுவலில்லாமல் போனோம். மாமா தன் வள்ளத்தில் கொண்டுபோவார். பாறை இடுக்குகளில் மாடப்புறா குறுகுறுக்கும். முகக்கண்ணாடி ஏது? ஆழமில்லாத இடத்தில் மூச்சைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள் விட்டால் மஞ்சளும் நீலமும் மங்கலாய் அசையும்; கிளிமீன் முருகைக்கல்லைக் கொறிக்கும் சத்தம் மட்டும் தெளிவாய்க் கேட்கும்.

பிறகு யுத்தம். கடலுக்குப் போகப் பாஸ், போகவும் வரவும் நேரக் கட்டுப்பாடு. 2003இல் தீவு தேசியப் பூங்காவானது. அடுத்த ஆண்டு மார்கழியில் சுனாமி மாமாவின் வள்ளத்தைக் கொண்டுபோனது. இப்போது அவருடைய இளைய மகன் வருகிறவர்களைப் படகில் ஏற்றுகிறான். முருகைக்கல்லில் கால் வைக்காதீர்கள் என்று மூன்று மொழியிலும் சொல்கிறான். கேட்பவர்கள் கேட்கிறார்கள், மற்றவர்களின் காலடியில் அது நொறுங்குகிறது.

அவர்கள் காணும் அழகு பொய்யில்லை. எங்களுக்கு அந்த இடங்கள் ஆட்களோடு சேர்ந்தே இருந்தன. ஆட்கள் கலைந்தபின் இடம் மட்டும் மிஞ்சியது. போன கச்சானுக்கு மாமாவின் பேரன் கனடாவிலிருந்து வந்தான். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் கடவுச்சீட்டைப் பார்த்து வெளிநாட்டவர் கட்டணம் என்றார்கள். சட்டப்படி அது சரிதான். சித்தப்பன்காரன் படகைப் பிடித்தபடி நிற்க, அவன் மறுபேச்சில்லாமல் கட்டினான்.