மேட்டூர் கோர்ட்டும் ஒரு பத்திரிகைக் கருத்தும்

2005 நவம்பர் 16, புதன்கிழமை. மேட்டூர் கோர்ட் வாசலில் செம கூட்டம். அணையைப் பார்க்க வந்த கூட்டம் இல்லை. கையில் செருப்பு, துடைப்பம், தக்காளி, அழுகின முட்டை. (முட்டைக்குப் பஞ்சமே இல்லாத ஏரியா ஆச்சே, நாமக்கல் பக்கத்திலேதானே இருக்கு!) வந்தது நடிகை குஷ்பு. பிடிவாரண்ட் பிறப்பித்திருந்ததால் சரணடைய வந்தார், ஜாமீன் வாங்கிக்கொண்டு திரும்பினார். முட்டையும் தக்காளியும் பறந்தன.

அப்படி என்னதான் செய்துவிட்டார்? ஒரு பத்திரிகைக்குக் கருத்து சொன்னார், அவ்வளவுதான்.

அந்த வருஷம் செப்டம்பரில் இந்தியா டுடே பெருநகரவாசிகளின் பாலியல் பழக்கங்கள் பற்றி ஒரு சர்வே வெளியிட்டது. கூடவே பிரபலங்கள் சிலரின் கருத்தும் வந்தது. அதில் குஷ்பு சொன்னதன் சாரம்: கல்யாணத்தின்போது பெண் கன்னியாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து சமூகம் வெளியே வரவேண்டும், படித்த ஆண் அதை எதிர்பார்க்க மாட்டான், ஆனால் திருமணத்துக்கு முன் உறவு வைத்தால் கர்ப்பமும் நோயும் வராமல் பெண்கள் பாதுகாத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பகுதியை ஒரு டாக்டர் சொல்லியிருந்தால் சுகாதார அறிவுரை என்று விட்டிருப்பார்கள். நடிகை சொன்னதால் கலாச்சார சீரழிவு!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. செப்டம்பர் 24-ம் தேதி தினத்தந்தியில் இது பற்றி ஒரு செய்தி வந்தது. அதில் குஷ்பு பதிலுக்குக் கேட்டதாக வந்த வார்த்தைகள் சர்வேயில் வந்ததைவிடப் பல மடங்கு காரமானவை. அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்து, அக்டோபர் 2-ம் தேதி அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். மறுப்பை யார் படிக்கிறார்கள்?

சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் இது புரியும். பெட்டிக்கடை முன்னால் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் பத்திரிகை வால்போஸ்டர்கள். பஸ்ஸுக்கு ஓடுகிற ஆயிரம் பேர் அந்த நாலு வார்த்தையைப் படிப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கிப் பார்ப்பவர் சில பேர்தான். மிச்சப் பேர் ராசிபுரமோ திருச்செங்கோடோ போய்ச் சேர்வதற்குள் அந்த நாலு வார்த்தையிலிருந்து முழுக்கதையையும் தாங்களே எழுதி முடித்துவிடுவார்கள். துடைப்பத்தோடு வந்தவர்களில் எத்தனை பேர் சர்வேயைக் காசு கொடுத்து வாங்கிப் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

போராட்டத்தில் பாமகவும் விடுதலைச் சிறுத்தைகளும் முன்னால் நின்றார்கள். குஷ்புவுக்கு ஆதரவாகப் பேசப்போன சுஹாசினிக்கும் சேர்த்துக் கண்டனம் கிளம்பியது. மொத்தம் 23 வழக்குகள். எல்லாவற்றையும் ரத்து செய்யச் சொல்லி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார். ரத்து செய்ய முடியாது, வேண்டுமானால் எழும்பூரில் ஒரே கோர்ட்டில் சேர்த்து நடத்தலாம் என்று 2008 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது. கடைசியில் 2010 ஏப்ரல் 28-ல் சுப்ரீம் கோர்ட்தான் 23-ஐயும் தள்ளுபடி செய்தது.

காமர்ஸ் பசங்களுக்கு இந்தத் தீர்ப்பு ஈசியாகப் புரியும். அவதூறு என்றால் ஒருத்தருடைய நற்பெயருக்கு நஷ்டம். சரி, யாருடைய கணக்கில் டெபிட் எழுதுவது? 'தமிழ்ப் பெண்கள்' என்று ஒரு லெட்ஜர் கிடையாதே! பாதிக்கப்பட்டவர்தான் அவதூறுப் புகார் கொடுக்க முடியும். குஷ்பு யாரையும் குறிப்பிட்டுப் பேசவில்லை, அதனால் புகார் கொடுத்த யாரும் பாதிக்கப்பட்டவர் இல்லை என்று கோர்ட் சொன்னது. கருத்து பிடிக்கவில்லையா, பதில் கருத்து சொல்லுங்கள், கிரிமினல் வழக்கு எதற்கு என்றும் கேட்டது.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. 2006 ஜனவரியில் மாக்ஸிம் பத்திரிகையின் முதல் இந்திய இதழில் குஷ்புவின் தலையை உள்ளாடை அணிந்த வேறொரு பெண்ணின் உடம்பில் ஒட்டிப் போட்டார்கள். பொடி எழுத்தில் 'நூறு சதவீதம் போலி' என்று ஒரு வரி! அவரே போலீசுக்குப் போனார், பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. பெண்ணின் மானத்துக்காக மேட்டூர் வரை வந்தவர்களின் கணக்கில் இந்தப் பெண்ணின் மானம் எந்தப் பக்கம் வரும் என்று தெரியவில்லை.

2013 பிப்ரவரியில் மறுபடியும் அதே கதை. அப்போது அவர் திமுகவில் இருந்தார். அடுத்த தலைவர் யார் என்பதைப் பற்றி ஆனந்த விகடனில் ஒரு பேட்டி. சென்னை வீட்டில் கல், திருச்சியில் செருப்பு வீச்சு. இந்தத் தடவை கலாச்சாரம் கூட காரணமில்லை, சொந்தக் கட்சி!

சரி, பெண் என்பதால்தான் இப்படியா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. அதே 2013 ஏப்ரலில் பிசினஸ் டுடே அட்டைப்படத்தில் நம்ம தல தோனி. மகாவிஷ்ணு கோலத்தில் பல கைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு விளம்பரப் பொருள், ஷூவும் அதில் ஒன்று. 'பெரிய டீல்களின் கடவுள்' என்று அர்த்தம் வரும் தலைப்பு. ஃபோர்ப்ஸ் கணக்குப்படி அந்த வருஷம் அவர் வருமானம் 3.15 கோடி டாலர், அதில் 2.8 கோடி விளம்பரத்தில் வந்தது. கேலியாக இருந்தாலும் கணக்கு சரியாகத்தான் இருந்தது!

சங்ககிரியில் சிமெண்ட் ஆலை வைத்திருந்த இந்தியா சிமெண்ட்ஸ்தான் 2008-ல் சென்னை அணியை வாங்கியது. அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு தோனி கிட்டத்தட்ட சாமிதான். லாரி முகப்பில் ஆஞ்சநேயரும் நடிகரும் பக்கத்துப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு போகிற ஊருக்கு இது பெரிய அதிர்ச்சியாகவா இருக்கும்? ஆனால் பெங்களூரிலும் ஆந்திராவில் அனந்தப்பூரிலும் வழக்கு விழுந்தது. 2016 ஜனவரியில் அனந்தப்பூர் கோர்ட் தோனிக்கும் பிடிவாரண்ட் போட்டது.

ஆனால் முட்டைக்கு நடுவே நடந்துபோக வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை. பெங்களூர் வழக்கு 2016-ல் ரத்து. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு மதத்தை அவமதித்தால்தான் 295ஏ பிரிவு பொருந்தும் என்று சொல்லி, 2017 ஏப்ரல் 20-ல் அனந்தப்பூர் வழக்கையும் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. அதற்குள் அந்த இதழ் வெளிவந்து நாலு வருஷம். சேலத்தில் யாராவது வாங்கியிருந்தால் எப்போதோ கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.